நல்லவனை வில்லனாக்குவது எப்படி: கதை எழுதுபவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாவல் எழுதி முடித்து நண்பர் ஒருவரிடம் படிக்கக் கொடுத்தேன். கதாநாயகனைக் காதலித்தவள் கைவிடுகிறாள், அண்ணன்காரன் சொத்தை ஏமாற்றி எழுதி வாங்கிக்கொள்கிறான், ஊரே சிரிக்கிறது, முந்நூறாவது பக்கத்தில் ஆள் அரிவாளைத் தூக்குகிறான். ரெண்டு நாள் கழித்துக் கைப்பிரதியைத் திருப்பிக் கொடுத்த நண்பர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "முந்நூறு பக்கம் அழுதான், அப்புறம் வெட்டினான், சரி, நடுவுல என்னய்யா நடந்துச்சு?" என்னிடம் பதில் இல்லை. அந்தக் கட்டு இன்னும் பரணில்தான் கிடக்கிறது.

இந்த வழிகாட்டி அந்த 'நடுவுல'வைப் பற்றியது. நிராகரிக்கப்பட்ட, துரோகம் செய்யப்பட்ட ஒரு நல்ல மனிதன் எந்த இடத்தில் வில்லனாகிறான், அந்த இடத்துக்கு அவனை எப்படிக் கூட்டிக்கொண்டு போவது என்பதை, நான் திரும்பத் திரும்பப் படித்த சில பாத்திரங்களைப் பிரித்துப் போட்டுக் காட்டப்போகிறேன். முக்கியமாக மூன்று பேர்: மகாபாரதத்து அசுவத்தாமன், மேரி ஷெல்லி 1818-இல் வெளியிட்ட 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலில் வரும் பெயரில்லாத அந்தப் படைப்பு, எமிலி பிராண்டியின் 'வுதரிங் ஹைட்ஸ்' (1847) நாவலின் ஹீத்கிளிஃப். கூடவே செய்முறைக்காக நானே ஒரு ஆளை உருவாக்கிக்கொள்கிறேன். பெயர் சுப்பையா, மதுரைப் பக்கம் ஒரு கடையில் பத்தொன்பது வருஷமாகப் பரோட்டா மாஸ்டர். ஒவ்வொரு படியிலும் அவரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுப்போம்.

கர்ணன் ஏன் இல்லை என்று கேட்பீர்கள். நம்மூரில் கர்ணன் என்றாலே சிவாஜி முகம் வந்துவிடும், அதற்கப்புறம் யாராலும் நிதானமாக யோசிக்க முடியாது. சூதாட்ட மண்டபத்தில் பாஞ்சாலியின் ஆடையைக் களையச் சொன்னவன் வியாச பாரதத்துக் கர்ணன் என்பதை யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், சண்டைக்கு வருவார்கள். அதனால் அவனை விட்டுவிடுகிறேன்.

தொடங்கும் முன் ஒரு கேள்வி

ஏகலைவன் ஏன் வில்லன் ஆகவில்லை? துரோணர் வித்தை சொல்லித்தர மாட்டேன் என்று திருப்பி அனுப்பினார். அப்புறம் தான் சொல்லித்தராத வித்தைக்குத் தட்சணையாகக் கட்டைவிரலையும் வாங்கிக்கொண்டார். நிராகரிப்பும் உண்டு, அதைவிடப் பெரிய அநியாயமும் உண்டு. இருந்தும் அவன் யார் வீட்டையும் கொளுத்தவில்லை. ஆகவே "பாவம், அவனுக்கு அநியாயம் நடந்தது, அதனால் கெட்டவன் ஆனான்" என்ற கணக்கு எங்கேயோ உதைக்கிறது. என் பழைய நாவல் படுத்ததும் இந்தக் கணக்கினால்தான்.

நான் கடைசியில் வந்து சேர்ந்த பதில் இது. காயம்பட்டவன், தன்னைக் காயப்படுத்தாத ஒருவரிடம் போய் அந்தக் கணக்கை வசூல் பண்ணும்போதுதான் வில்லனாகிறான். அடித்தவனைத் திருப்பி அடிக்கிற வரைக்கும் அவன் கோபக்காரன், பழிகாரன், கொலைகாரனாகக்கூட இருக்கலாம், வாசகர் அவன் பக்கம்தான் நிற்பார். கடனே வாங்காதவன் வீட்டு வாசலில் போய் நிற்கிறான் பாருங்கள், அப்போது வாசகருக்கு வயிற்றைப் பிசையும். மற்ற எல்லாப் படிகளும் அவனை அந்த வாசலுக்குக் கூட்டிப் போவதற்குத்தான்.

முதல் படி: அவனுக்கு ஒரு வேலை கொடுங்கள்

"சுப்பையா நல்ல மனுஷன், இரக்க குணம் உள்ளவர்" என்று எழுதினால் வாசகர் தலையாட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். நல்லவனாக இருப்பதற்கு அவன் கைக்காசு கொஞ்சம் செலவாக வேண்டும், அது வாசகர் கண்ணில் பட வேண்டும், கதைக்குள் இருக்கும் மற்றவர்கள் கண்ணில் படாமல் இருந்தால் இன்னும் நல்லது.

ஷெல்லியின் படைப்பு இதற்கு அருமையான உதாரணம். பிறந்த அன்றே படைத்தவன் பயந்து ஓடிவிட்டான், போன ஊரில் கல்லால் அடித்தார்கள். காட்டோரம் ஒரு குடிசையை ஒட்டிய கொட்டிலில் ஒளிந்துகொண்டு, சுவர் இடுக்கு வழியாக அந்தக் குடும்பத்தைப் பார்த்தபடி இருக்கிறது. கண் தெரியாத அப்பா, ஒரு மகன், ஒரு மகள். ராத்திரியில் அவர்கள் சாப்பாட்டைக் கொஞ்சம் திருடித் தின்றுகொண்டிருந்த அது, அவர்களே ஏழைகள் என்று புரிந்த அன்றைக்குத் திருடுவதை நிறுத்திவிட்டு, காட்டுப் பழங்களையும் கிழங்குகளையும் தின்னப் பழகிக்கொள்கிறது. அதோடு விடவில்லை. மகன் பாதிப் பகலை விறகு வெட்டுவதில் கழிக்கிறான் என்று கவனித்து, ராத்திரி போய்ப் பல நாளுக்கு ஆகிற விறகைக் கொண்டுவந்து வாசலில் போடுகிறது. காலையில் அந்த வீட்டுக்காரர்கள் விறகைப் பார்த்து அதிசயப்படுவதை உள்ளேயிருந்து பார்க்கிறது. இந்த விறகு இல்லாவிட்டால் பின்னால் நடக்கும் கொலைகளுக்கு எடையே இருக்காது.

ஹீத்கிளிஃபுக்கு இன்னும் சுவாரஸ்யமான ஒன்றைக் கொடுக்கிறார் பிராண்டி. அவனை வேலைக்காரனாக்கி, படிப்பை நிறுத்தி, அடித்து வளர்த்த ஹிண்ட்லி, ஒருநாள் குடிபோதையில் தன் சொந்தக் குழந்தையையே மாடிக் கைப்பிடிக்கு மேலே தூக்கிப் பிடித்துக் கைநழுவ விடுகிறான். கீழே தற்செயலாக வந்த ஹீத்கிளிஃப் யோசிக்காமல் கையை நீட்டிப் பிடித்துவிடுகிறான். யாரைப் பிடித்தோம் என்று தெரிந்ததும் அவன் முகத்தில் வருவது சந்தோஷம் இல்லை, கிடைத்த பழியைக் கோட்டைவிட்ட வேதனை. நல்லவனும் வில்லனும் ஒரே நிமிஷத்தில், ஒரே உடம்பில். கை நல்லதைச் செய்துவிட்டது, முகம் அதற்கு வருத்தப்படுகிறது. அந்தக் குழந்தையின் பெயர் ஹேர்ட்டன். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

சுப்பையாவுக்கு நான் என்ன கொடுப்பேன்? கடையில் உதவிக்குச் சேர்ந்த செல்வம் என்ற பையன் முதல் வாரத்தில் கல்லில் கையைச் சுட்டுக்கொள்கிறான். முதலாளி அண்ணாச்சிக்குத் தெரிந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார். சுப்பையா பையனைக் கல்லா பக்கம் போகவிடாமல் பின்கட்டிலேயே உட்காரவைத்து, பத்து நாள் அவன் உருட்ட வேண்டிய மாவையும் சேர்த்து தானே உருட்டுகிறார். யாருக்கும் தெரியாது. பையனுக்குத் தெரியும்.

இரண்டாம் படி: காயம் சின்னதாக இருக்கட்டும்

புதிதாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறுவார்கள். காயம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய வில்லன் என்று நினைத்து, குடும்பத்தையே கொன்று, வீட்டை எரித்து, தங்கையைக் கெடுத்து என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். வாசகருக்கு அது செய்தித்தாள் மாதிரி ஆகிவிடும். மனதில் முள்ளாக நிற்பது சின்ன விஷயம்தான்.

அசுவத்தாமன் சின்னப் பையனாக இருக்கும்போது பணக்கார வீட்டுப் பிள்ளைகள் பால் குடிப்பதைப் பார்த்து அழுகிறான். துரோணர் வீட்டில் மாடு இல்லை. மற்ற பிள்ளைகள் மாவைத் தண்ணீரில் கரைத்துப் பால் என்று கொடுக்கிறார்கள். அவன் குடித்துவிட்டு, "நானும் பால் குடிச்சேன்" என்று குதித்து ஆடுகிறான், சுற்றி நின்று சிரிக்கிறார்கள். அப்பா இதைப் பார்க்கிறார். அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை. ஆனால் இந்த மாவுத்தண்ணீரிலிருந்து பிடித்துக்கொண்டு போங்கள்: துரோணர் பால்ய நண்பன் துருபதனிடம் போகிறார், ராஜ்யம் கிடைத்தால் அது உனக்கும்தான் என்று ஒருகாலத்தில் சொன்னவன், இப்போது அரசனுக்கும் ஏழைக்கும் ஏது நட்பு என்கிறான். துரோணர் அஸ்தினாபுரம் போய் ஆசிரியராகி, சிஷ்யர்களை விட்டுத் துருபதனைக் கட்டி இழுத்து வரச்செய்து, பாதி ராஜ்யத்தை எடுத்துக்கொள்கிறார். அவமானப்பட்ட துருபதன் துரோணரைக் கொல்லவென்றே வேள்வி செய்து திருஷ்டத்யும்னனைப் பெறுகிறான். பதினைந்தாம் நாள் போரில் அவன் துரோணரின் தலையை வெட்டுகிறான். பதினெட்டாம் நாள் ராத்திரி அசுவத்தாமன் பாசறைக்குள் நுழைகிறான். ஒரு கிண்ணம் மாவுத்தண்ணீர்.

கம்பர் இன்னும் சிக்கனம். கூனி ஏன் ராமனுக்கு எதிராகப் போனாள்? ராமன் சிறுவயதில் விளையாட்டாக வில்லில் மண் உருண்டை வைத்து அவள் முதுகில் அடித்தான், அதை அவள் மனதில் வைத்திருந்தாள். ரெண்டே அடிகளில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். அடித்தவனுக்கு அது மறந்தே போயிருக்கும். அடி வாங்கியவளுக்கு நாட்டையே புரட்டிப்போடப் போதுமான காரணம்.

சுப்பையாவின் முள் இது. அண்ணாச்சி ரெண்டாவது கடை திறக்கிறார். "அடுத்த கடை போட்டா உன் பேரையும் சேர்த்துத்தான்டா போர்டு வைப்பேன்" என்று பத்து வருஷமாகச் சொல்லிவந்தவர். திறப்பு விழாப் பத்திரிகை அச்சாகி வருகிறது, ஊரெல்லாம் கொடுக்கும் பொறுப்பு சுப்பையாவுக்கு. சைக்கிளில் நாற்பது வீட்டுக்குக் கொடுத்து முடித்துவிட்டு டீக்கடையில் நிற்கும்போது, டீக்கடைக்காரர் பத்திரிகையைப் பிரித்துப் படித்துவிட்டுக் கேட்கிறார்: "மச்சினன் பேரு போட்டிருக்கு, உன் பேரு எங்கப்பா?" சுப்பையா அதுவரை பிரித்தே பார்க்கவில்லை.

மூன்றாம் படி: ஒரு கை நீண்டு, பிறகு விலகட்டும்

நிராகரிப்பும் துரோகமும் ஒன்றில்லை, ரெண்டையும் குழப்பிக்கொண்டால் பாத்திரம் வழுக்கிவிடும். முன்பின் தெரியாதவன்கூட உங்களை நிராகரிக்கலாம். அது உள்ளே திரும்பி, "என்கிட்ட ஏதோ குறை இருக்கு" என்ற கூச்சமாகத் தங்கும். துரோகம் பண்ண நம்பிக்கை வேண்டும், ஒரு வாக்கு வேண்டும், கூடவே சாப்பிட்ட ஆள் வேண்டும். அது வெளியே திரும்பி, "எனக்கு வரவேண்டியது பாக்கி இருக்கு" என்று கணக்கு எழுத ஆரம்பிக்கும். நிராகரிப்பு மட்டும் இருந்தால் ஒடிந்துபோன மனிதன் கிடைப்பான். துரோகம் மட்டும் இருந்தால் கேஸ் போடுகிறவன் கிடைப்பான். வில்லனுக்கு ரெண்டும் வேண்டும், அதுவும் சரியான வரிசையில்: ஊரெல்லாம் ஒதுக்கியவனை ஒரே ஒருவர் சேர்த்துக்கொள்ள வேண்டும், அந்த ஒருவரே கையை உதற வேண்டும்.

ஹீத்கிளிஃப் கதையில் அந்த ஒருவர் கேத்தரின். எந்த வீட்டில் எல்லோரும் அவனை நாயைப்போல நடத்தினார்களோ அதே வீட்டில் அவனோடு காட்டிலும் மேட்டிலும் ஓடித் திரிந்தவள். ஒரு ராத்திரி அவள் வேலைக்காரி நெல்லியிடம், ஹீத்கிளிஃபைக் கல்யாணம் செய்துகொண்டால் எனக்குத்தான் இழிவு என்கிறாள். இருட்டில் பெஞ்சில் படுத்திருந்த அவன் அதைக் கேட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறான். அடுத்த நிமிஷம் அவள், அவனும் நானும் வேறில்லை என்று சொல்வதைக் கேட்க அவன் அங்கே இல்லை. மூன்று வருஷம் கழித்துப் பணக்காரனாகத் திரும்பி வருகிறான். அவனுடைய வாழ்நாள் வன்மம் முழுவதும் பாதி கேட்ட ஒரு பேச்சின் மேல் நிற்கிறது. தெரிந்தே செய்த துரோகத்தைவிட, இப்படி அரைகுறையாகப் புரிந்துகொள்ளப்பட்ட துரோகம் கதைக்கு அதிகம் உதவும், ஏனென்றால் வாசகருக்கு மட்டும் முழுசும் தெரிந்திருக்கும், அவர் பக்கத்தைத் திருப்பியபடியே "டேய் நில்லுடா" என்று மனசுக்குள் கத்திக்கொண்டிருப்பார்.

கல்கியின் நந்தினியை இங்கே ஒரு வரி சொல்லாமல் போக முடியாது. அடிபட்டுக் கிடக்கும் வீரபாண்டியனை விட்டுவிடும்படி அவள் ஆதித்த கரிகாலனிடம் கெஞ்சுகிறாள், ஒருகாலத்தில் தன்மேல் உயிராக இருந்தவன் என்ற உரிமையில். அவன் கேட்கவில்லை. யாரோ ஒரு அரசன் வெட்டியிருந்தால் அது போர். அவன் வெட்டியதால்தான் அது துரோகம்.

நான்காம் படி: திரும்பிப் போக வழி விடுங்கள்

இந்தப் படியைத்தான் பெரும்பாலோர் மொத்தமாகத் தாண்டிவிடுகிறார்கள். நானும் தாண்டினேன். துரோகம் நடந்த மறுநாளே ஆள் மாறிவிடக் கூடாது. குறைந்தது ரெண்டு தடவையாவது அவன் நல்லவனாகவே இருக்க முயற்சி செய்ய வேண்டும், அதற்கு அடி வாங்க வேண்டும்.

விறகு போட்டு வந்த அந்தப் படைப்பு ஒருநாள் தைரியம் வந்து, கண் தெரியாத அப்பா தனியாக இருக்கும் நேரம் பார்த்து உள்ளே போய்ப் பேசுகிறது. பெரியவர் அன்பாகப் பேசுகிறார். அதற்குள் மகன் வந்துவிடுகிறான், தடியால் அடிக்கிறான். நினைத்தால் அவனைக் கிழித்துப் போட்டிருக்கலாம், அது செய்யவில்லை, வெளியே போய்விடுகிறது. குடும்பம் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போகிறது. இப்போதுதான் முதல் வன்முறை: அந்தக் குடிசைக்குத் தீ வைக்கிறது. ஆனால் காலி வீட்டுக்கு. யாருக்கும் அடி இல்லை. அப்புறம் வழியில் ஆற்றில் விழுந்த ஒரு சின்னப் பெண்ணைக் குதித்துக் காப்பாற்றுகிறது, கூட வந்த ஆள் அதைத் துப்பாக்கியால் சுடுகிறான். எரிப்புக்கும் முதல் கொலைக்கும் நடுவில் ஒரு காப்பாற்றலைச் செருகியிருக்கிறார் பாருங்கள். ஷெல்லி இந்தக் கதையை எழுதத் தொடங்கியபோது அவருக்குப் பதினெட்டு வயசு, எனக்கு இது புரிய நாற்பது தாண்ட வேண்டியிருந்தது.

அசுவத்தாமன் விஷயம் பலருக்குத் தெரியாது. அவன் அப்பா துரோணரைப் பாண்டவர் தரப்பு பொய் சொல்லி ஆயுதம் கீழே வைக்கச் செய்து வெட்டிய பிறகும், கர்ண பர்வத்தில், துச்சாதனன் செத்த பிறகு, அவன்தான் துரியோதனன் கையைப் பிடித்துக்கொண்டு பாண்டவர்களோடு சமாதானமாகப் போய்விடு என்று கெஞ்சுகிறான். துரியோதனன் மறுக்கிறான். பாரதம் அவனுக்குக் கொடுத்த கடைசி வழி அது.

சுப்பையாவுக்கு வருவோம். திறப்பு விழா அன்று புதுக் கடைக்கு வரவேண்டிய மாஸ்டர் வரவில்லை. அண்ணாச்சி ஆள் அனுப்புகிறார். சுப்பையா போகிறார், ராத்திரி ஒரு மணி வரை கல் முன்னால் நின்று வீசிக்கொண்டே இருக்கிறார், போர்டில் மச்சினன் பெயர் சீரியல் பல்பு வெளிச்சத்தில் மின்னுகிறது. முடிந்ததும் அண்ணாச்சி ஒரு வார்த்தை சொல்வார் என்று கை கழுவிக்கொண்டு நிற்கிறார். அண்ணாச்சி ஐந்நூறு ரூபாய் நோட்டை மடித்துச் சட்டைப் பையில் செருகிவிட்டு, "காலையில வந்துரு" என்கிறார். பணம் கொடுக்காமல் விட்டிருந்தால் சுப்பையா தப்பித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

ஐந்தாம் படி: அவனுக்கு ஒரு ஆந்தையைக் காட்டுங்கள்

கோபம் மட்டும் இருந்தால் பத்தாது, கோபத்துக்கு ஒரு நியாயம் கிடைக்க வேண்டும். எந்த வில்லனும் தன்னை வில்லன் என்று நினைத்துக்கொண்டு தூங்கப் போவதில்லை.

துரியோதனன் தொடை முறிந்து கிடக்கிறான். அசுவத்தாமன், கிருபர், கிருதவர்மன் மூவர் மட்டும் மிச்சம், காட்டில் ஒரு ஆலமரத்தடியில் படுத்திருக்கிறார்கள். மற்ற ரெண்டு பேரும் தூங்கிவிட்டார்கள். இவனுக்குத் தூக்கம் வரவில்லை. மரத்தில் காக்கைக் கூட்டம் உறங்குகிறது. ஒரு ஆந்தை சத்தமில்லாமல் வந்து, உறங்கும் காக்கைகளைச் சிறகைப் பிய்த்து, தலையைத் திருகிக் கொன்று குவிக்கிறது. இவன் பார்த்துக்கொண்டே இருக்கிறான், எனக்குப் பாடம் சொல்லித்தர வந்த பறவை என்று நினைக்கிறான்.

கிருபரை எழுப்பிச் சொன்னால் அவர் பதறுகிறார். இன்று தூங்கு, காலையில் திருதராஷ்டிரரையும் காந்தாரியையும் விதுரரையும் கேட்போம் என்கிறார். நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்கிற அதே "காலையில பேசிக்கலாம்". அவன் சொல்லும் பதில்: தர்மத்தின் பாலத்தைப் பாண்டவர்கள் ஏற்கனவே நூறு துண்டாக உடைத்துவிட்டார்கள், இனி எனக்கு மட்டும் என்ன பாலம்? அடுத்த பிறவியில் புழுவாகப் பிறந்தாலும் பரவாயில்லை என்கிறான். தப்பு என்று தெரிந்தே, அதன் விலையையும் தெரிந்தே போகிறான். அந்த ரெண்டு வாக்கியங்களையும் உங்கள் பாத்திரம் தன் பாஷையில் சொல்ல வேண்டும்: 'அவர்கள் முதலில் உடைத்தார்கள்', 'எனக்கு என்ன ஆனாலும் சரி'.

ஒன்று கவனியுங்கள். ஆந்தையைப் பார்த்த இடத்தில் கிருபர் விழித்திருந்தால், அவருக்கு அது வெறும் ஆந்தை. நியாயம் வெளியிலிருந்து வந்த மாதிரி இருக்க வேண்டும், ஆனால் அதைப் பாடமாக எடுத்துக்கொண்டது அவனாக இருக்க வேண்டும்.

சுப்பையாவுக்கு நான் யோசித்து வைத்திருக்கும் நியாயம் ரொம்பச் சாதாரணமானது. பத்து நாளாக மாவு பிசைந்துகொண்டே யோசித்து அவர் வந்து சேரும் முடிவு: "அண்ணாச்சி மேல தப்பில்ல. நம்புனவன் மேலதான் தப்பு." கேட்க மன்னிப்பு மாதிரி இருக்கும். ஆனால் நம்புகிறவன்தான் குற்றவாளி என்றால், அப்புறம் யாரை ஏமாற்றினாலும் குற்றமில்லை.

ஆறாம் படி: தப்பான ஆள் கணக்கைக் கட்டட்டும்

இங்கே நிதானமாக எழுதுங்கள், அவசரம் வேண்டாம்.

பாசறைக்குள் போன அசுவத்தாமன் முதலில் திருஷ்டத்யும்னனைப் படுக்கையிலேயே உதைத்துக் கொல்கிறான். ஆயுதத்தால் கொல், வீர சொர்க்கமாவது கிடைக்கும் என்று அவன் கேட்டும் மறுக்கிறான். கொடூரம்தான், ஆனாலும் அவன் அப்பாவை வெட்டியவன், கணக்கு நேர். அதற்கப்புறம் பாஞ்சாலியின் ஐந்து பிள்ளைகள். அவர்கள் யார் தலையையும் ஏமாற்றி வெட்டவில்லை. பாண்டவர்கள் என்று நினைத்து இருட்டில் தெரியாமல் வெட்டினான் என்று சொல்லும் கதைகளும் உண்டு. வியாசர் அப்படி விடவில்லை. பிள்ளைகள் விழித்துக்கொண்டு வில்லெடுத்து எதிர்க்கிறார்கள், அவன் ஒவ்வொருவராகக் கொல்கிறான். 'தெரியாமல்' என்று எழுதினால் உங்கள் வில்லன் பாதி தப்பித்துவிடுவான், தப்பிக்க விடாதீர்கள். கடைசியில் உத்தரையின் வயிற்றில் இருக்கும் சிசு வரைக்கும் அஸ்திரத்தைத் திருப்புகிறான். இன்னும் பிறக்கவே இல்லாத ஒருவனிடம் வசூல்.

ஷெல்லியின் படைப்பு முதலில் கொல்வது வில்லியம் என்ற சின்னப் பையனை, படைத்தவனின் தம்பி. பிடிக்கும்போது கொல்லும் எண்ணமே இல்லை. குழந்தைக்கு இன்னும் வெறுக்கத் தெரியாது, இவனைக் கூட்டிப்போய்த் தோழனாக வளர்க்கலாம் என்றுதான் பிடிக்கிறது. குழந்தை அரக்கன் என்று கத்தி, தன் அப்பா பெயரைச் சொல்கிறது. அந்தக் குடும்பப் பெயர் காதில் விழுந்ததும் கை கழுத்துக்குப் போகிறது.

ஹீத்கிளிஃப் வேறு ரகம், யாரையும் வெட்டுவதில்லை. ஹிண்ட்லி செத்த பிறகு, அன்று மாடியிலிருந்து விழுந்தபோது கையில் பிடித்த அதே ஹேர்ட்டன் அவன் பொறுப்புக்கு வருகிறான். அதே காற்று அடித்தால் இந்த மரமும் அதே மாதிரி வளைகிறதா பார்ப்போம் என்கிறான். ஹிண்ட்லி தன் படிப்பை நிறுத்தியதுபோலப் பையனுக்கு எழுத்து வாசனையே இல்லாமல் வளர்க்கிறான், சொந்த வீட்டிலேயே வேலைக்காரனாக்குகிறான். தனக்கு நடந்ததை ஒரு வரி மாற்றாமல் இன்னொருவனுக்கு நடத்திக்காட்டுகிறான். எனக்கு அசுவத்தாமனின் ராத்திரியைவிட இதுதான் அதிகம் பயமாக இருக்கிறது, ஏனென்றால் இதை நாம் ஆபீஸில், வீட்டில், மாமியார் மருமகளிடம், சீனியர் ஜூனியரிடம் என்று தினமும் பார்க்கிறோம்.

சோதித்துப் பார்க்க ஒரு எதிர் உதாரணம்: கண்ணகி. புருஷன் அவளை விட்டுப் போனான், திரும்பி வந்தவனை அரசன் விசாரிக்காமல் கொன்றான். அவள் மதுரையை எரித்தாள், நகரத்தையே. எண்ணிக்கையில் பார்த்தால் அசுவத்தாமனைவிடப் பெரிய அழிவு. ஆனால் நாம் அவளுக்குக் கோயில் கட்டினோம். காரணம், சிலப்பதிகாரத்தின் 'வஞ்சின மாலை' என்ற பகுதியில் தீக்கடவுள் வந்து நிற்கும்போது அவள் ஒரு பட்டியல் சொல்கிறாள்: பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்கள், முதியோர், குழந்தைகள், இவர்களை விட்டுவிடு, தீயவர் பக்கம் மட்டும் போ. அந்தப் பட்டியலில் இன்றைக்கு நமக்கு ஆயிரம் கேள்வி வரும், வரட்டும். ஆனால் இளங்கோ அந்த ரெண்டு வரியை எழுதாமல் விட்டிருந்தால் சிலப்பதிகாரத்தின் வில்லி யார் என்று யோசித்துப் பாருங்கள்.

ஏழாம் படி: அப்புறம் என்ன?

இதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வில்லன் ஆன பிறகு அவனைத் தண்டிப்பது சுலபம், அவன் செய்ததை அவனே பார்க்கும்படி செய்வதுதான் கஷ்டம். டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலில் மிஸ் ஹேவிஷாம் கல்யாணத்தன்று கைவிடப்பட்டவள். கடிதம் வந்த நேரமான எட்டு நாற்பதுக்கு வீட்டுக் கடிகாரங்களை எல்லாம் நிறுத்திவிட்டு, ஒரு காலில் மட்டும் செருப்போடு, அதே கல்யாண உடுப்பில் வருஷக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறாள். ஆண்களின் மனதை உடைப்பதற்காகவே எஸ்டெல்லா என்ற பெண்ணை வளர்க்கிறாள். கடைசியில் அந்தப் பெண் இவளிடமே பாசமில்லாமல் நடந்துகொள்ளும்போது கிழவி அதிர்ந்துபோகிறாள். நீங்கள் வளர்த்த மாதிரிதானே இருக்கிறேன் என்கிறாள் அவள்.

ஹீத்கிளிஃப் சாகும்போது உண்மையாக அழுகிற ஒரே ஆள் ஹேர்ட்டன். அசுவத்தாமனுக்கு மரணம்கூடக் கிடையாது, மூவாயிரம் வருஷம் பேச ஒரு துணையில்லாமல், புண்ணும் சீழும் நாற்றமுமாகக் காடுகளில் அலைவாய் என்று கண்ணன் சபிக்கிறான். பால்ய நண்பன் ஒருவன் 'உன்னோடு எனக்கு என்ன நட்பு' என்று அவன் அப்பாவைத் துரத்தியதில் ஆரம்பித்தது, யாருமே பேசாத தனிமையில் போய் நிற்கிறது.

சில தவறுகள், நான் செய்தவை

வில்லன் தன் கடந்தகாலத்தை வசனமாகச் சொல்லவே கூடாது. "நான் ஏன் இப்படி ஆனேன் தெரியுமா" என்று ஆரம்பித்தால் பேனாவை மூடிவிடுங்கள். ஷெல்லியின் படைப்பு அத்தியாயம் அத்தியாயமாகத் தன் கதையைச் சொல்கிறதே என்பீர்கள். சொல்கிறது, ஆனால் படைத்தவனிடம், ஒரு துணையைப் படைத்துக்கொடு என்று பேரம் பேசுவதற்காகச் சொல்கிறது. வாசகருக்குப் புரியவைக்க அல்ல.

பாத்திரத்தைவிட அதிகமாக நீங்கள் அழாதீர்கள். ஏகலைவன் விரலைக் கொடுத்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, அதனால்தான் இத்தனை நூற்றாண்டாக நாம் அவனுக்காகக் கோபப்படுகிறோம். பாத்திரம் முழுக் கோபத்தையும் தானே பட்டுவிட்டால் வாசகருக்கு மிச்சம் இருக்காது.

காதல் தோல்வியை மட்டும் வைத்து ஒருவனை வில்லனாக்குவதை தயவுசெய்து நிறுத்துங்கள். ஒரு பெண் மாட்டேன் என்று சொன்னது துரோகம் ஆகாது, அவள் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. அதைத் துரோகம் என்று அவன் நம்புவதாக எழுதலாம், ஆசிரியரும் சேர்ந்து நம்புவதாக எழுதினால் வேறு மாதிரிக் கதை ஆகிவிடும், அதில் நிறைய வந்துவிட்டன.

சுப்பையாவின் கடைசிக் காட்சி

செல்வத்துக்கு சென்னையில் ஒரு கடையில் வேலை வருகிறது, சம்பளம் கூட. சீட்டு எடுத்து நாற்பதாயிரம் வைத்திருக்கிறான், அக்கா கல்யாணத்துக்கு. மாஸ்டரிடம் சொல்லிவிட்டுப் போக வருகிறான். இதை நான் மூன்று தடவை எழுதிப் பார்த்தேன். முதல் பிரதியில் சுப்பையா கொஞ்சம் சிரித்தார், அடித்துவிட்டேன். ரெண்டாவதில் ராத்திரி உட்கார்ந்து குடித்தார், அதையும் அடித்தேன். இப்போது இப்படி இருக்கிறது.

கடை சாத்தியாயிற்று. கல் இன்னும் சூடு ஆறவில்லை. செல்வம் பணத்தை மஞ்சள் பையோடு எடுத்து நீட்டினான்.

"எண்ணிக்கங்க மாமா."

"உன்கிட்ட என்னடா எண்றது" என்றார் சுப்பையா. ஆனாலும் எண்ணினார். ஐந்நூறு ரூபாய்க் கட்டு ஒன்றில் ஒரு நோட்டு நடுவில் மடிந்திருந்தது. அதை மட்டும் தனியாக எடுத்து விரலால் நீவினார்.

"அடுத்த மாசம் இடம் பார்த்துரலாம். பஸ் ஸ்டாண்டு பக்கம்னா வாடகை ஜாஸ்தி. கோயில் தெருவுல பார்க்கலாம்."

"சரி மாமா." பையன் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். சுட்ட தழும்பு இருந்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். "போர்டுல என் பேரும் வருமா மாமா?"

"உன் பேரையும் சேர்த்துத்தான்டா போர்டு வைப்பேன்" என்றார் சுப்பையா, மீதி மாவின் மேல் ஈரத்துணியை இழுத்துப் போட்டுக்கொண்டே.